பிரித்த வீட்டின் செல்வம்



ஒரு வீட்டிற்கு ஆயுள் எவ்வளவு என்று வினவினால், ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு என்று விடை கூறுவீர்கள். அவ்வீட்டிலுள்ள செங்கல்லுக்கும் கருங்கல்லுக்கும் தேக்கிற்கும் ஆயுள் எவ்வளவு? வீடு மறைந்த பின்னரும் அவை வாழக்கூடியவை. அவற்றை அவ்வாறு வாழவிடுவதையே அறிஞர்கள் இன்று சுழற்சிப் பொருளாதாரம் என்கின்றனர். எடுத்தல், ஆக்கல், எறிதல் என்னும் நேர்வழியை விடுத்து, ஆக்கியதையே மீண்டும் மீண்டும் பயன்கொள்ளும் வட்டவழி அது.

இவ்வழி நமக்குப் புதிதன்று. காரைக்குடியில், பழைய செட்டிநாட்டு வீடுகளின் தூண்களையும் நிலைகளையும் கதவுகளையும் விற்கும் கடைகள் உள்ளன. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில், தம் ஊர்களில் பிரிக்கப்பெற்ற பழைய வீடுகள் சில மீண்டும் எழுப்பப்பெற்று நிற்கின்றன.

அவ்வாறு பிரிக்க இயன்றது எதனால்? மரத்தை மரத்தோடு துளையும் முளையுமாகப் பொருத்தினர், தட்டினால் கழன்றுவிடும். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. கொத்தினால் சாந்து உதிரும், கல் முழுதாக வரும். வலிய சிமெண்டுச் சாந்தோ கல்லைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. பிரிக்க முயன்றால் கல்லே உடைகிறது.

நான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளியில் ஓட்டுக் கட்டடம் ஒன்றைப் பிரித்தோம். ஓடுகளும் கைம்மரங்களும் மிதிவண்டிக் கொட்டகையாயின, செங்கற்கள் சுற்றுச்சுவராயின. சில ஆண்டுகட்குப் பின் கான்கிரீட்டு அறை ஒன்று இடிக்கப்பெற்றது. கம்பி மட்டும் எடைக்குப் போயிற்று. எஞ்சியதைக் குத்தகைக்காரர் குளத்தங்கரையில் கொட்ட, அது நீர்வரத்து வாய்க்காலை அடைத்தது.

கான்கிரீட்டிற்கும் இன்று வழி உண்டு. அதனை உடைத்து, காந்தத்தால் இரும்பை அகற்றி, சலித்து, ஜல்லியாக்குகின்றனர். தில்லியிலுள்ள புராரியில் 2009 முதல் இத்தொழில் நடைபெற்று வருகிறது. இத்தகைய ஜல்லியைக் கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையிலும், குறிப்பிட்ட தரம் வரையுள்ள கம்பியிட்ட கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையிலும் சேர்க்க, 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தரக் கட்டளை இடமளித்தது. இவ்வரம்பு ஏன்? ஜல்லியில் ஒட்டிய பழைய சாந்து நீரை மிகுதியாக உறிஞ்சும், வலிமையும் குறையக்கூடும்.

ஆகவே, உடைத்தல் இறுதி வழியே. கிழிந்த வேட்டியைத் துண்டாக்குவோம். துண்டும் கிழிந்தபின் கரித்துணியாக்குவோம். நல்ல வேட்டியைக் கரித்துணியாக்குவார் உண்டோ? நல்ல கட்டடத்தைப் பழுதுபார்த்துக் காத்தல் முதல் வழி; பிரிக்க நேரின் உறுப்புகளை முழுதாக எடுத்தல் இரண்டாவது; உடைத்து ஜல்லியாக்கல் மூன்றாவது.

மணல் ஆற்றின் உடைமை; செங்கல் மண் வயலின் உடைமை. மணலை வரம்பின்றி அள்ளினால் கிணற்று நீர் தாழ்கிறது. வயலின் மேல்மண் போனால் விளைவு குன்றுகிறது. உங்களுள் பலர் நாளைப் பொறியாளர் ஆவீர்கள். கட்டும் படத்தை வரையும்போதே பிரிக்கும் முறையையும் எண்ணுங்கள். பற்றவைப்பதற்கு மாறாகத் திருகாணியால் இணைக்க இயலுமா என ஆராயுங்கள். நீங்கள் கட்டும் வீடு உங்கள் பேரர்க்குக் குப்பைமேடாகாமல், கட்டுபொருட் களஞ்சியமாக விளங்கட்டும்.