இரங்கப்படும் இறப்பும் எண்ணப்படும் இறப்பும்

புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களைக் கற்கும்போது நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. பாரிக்காகக் கபிலர் கலங்கினார். அதியமானுக்காக ஔவையார் ஆற்றாது அரற்றினார். கரிகாலனுக்காகக் கருங்குழலாதனார் வருந்தினார். இம்மன்னர்களின் போர்களில் மடிந்த காலாட்கள் எத்தனை பேர்? அவருட் பெரும்பாலோர்க்குப் பாட்டும் இல்லை, பெயரும் இல்லை. நடுகல் பெற்றோர் சிலரே. பாடுவோன் அறிந்தவர் இறந்தால்தான் பாட்டுப் பிறக்கும் என்பதில் வியப்பில்லை. ஆனால், உலகின் எம்மூலைச் செய்தியும் நொடியில் வந்தெட்டும் இக்காலத்திலும் அந்நிலை மாறாதிருப்பது ஏன் என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சில நாள் இடைவெளியில், கடலில் இரு பேரிடர்கள் நிகழ்ந்தன. லிபியாவின் தோப்ரூக்கிலிருந்து இத்தாலி நோக்கிச் சென்ற அத்ரியானா என்னும் மீன்பிடிப் படகு, 14ஆம் நாள் பின்னிரவில் கிரேக்க நாட்டுப் பைலோஸ் நகருக்கு அப்பால் கவிழ்ந்தது. அதில் ஏறத்தாழ 750 பேர் இருந்தனர் என்பது மதிப்பீடு. பிழைத்தோர் 104 பேர். கிடைத்த உடல்கள் 82. பெண்களும் குழந்தைகளும் கீழ்த்தளத்தில் இருந்தனர் எனத் தப்பியோர் கூறினர். அவர்களுள் ஒருவரும் மீளவில்லை.

நான்கு நாள் கழித்து, அட்லாண்டிக் கடலடியில் கிடக்கும் டைட்டானிக் கப்பலைக் காணச் சென்ற டைட்டன் என்னும் நீர்மூழ்கிக் கலம் தொடர்பிழந்தது. அதில் இருந்தவர் ஐவர். அமெரிக்கா, கனடா, பிரான்சு ஆகிய நாடுகளின் கப்பல்களும் வானூர்திகளும் தேடின. உலகத் தொலைக்காட்சிகள் வேறு செய்திகளை ஓரங்கட்டின. 22ஆம் நாள் கலத்தின் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன.

இவ்வேறுபாட்டுக்கு நிறமும் நாடுமே காரணம் என்று உடனே முடிவு கட்டத் தோன்றும். அதில் உண்மை உண்டு. முழு உண்மை அன்று. டைட்டனில் இறந்த ஐவருள் இருவர் பாகிஸ்தானில் வேரூன்றிய குடும்பத்தைச் சேர்ந்த ஷாஜாதா தாவூதும் அவர்தம் 19 அகவை மகன் சுலைமானும் ஆவர். அத்ரியானாவில் ஏறத்தாழ 350 பாகிஸ்தானியர் இருந்ததாக அந்நாட்டு அமைச்சரே கூறினார். ஒரே நாட்டு மக்கள், ஒரே வாரம். இருவரை உலகம் பெயர் சொல்லி அறிந்தது. ஏனையோரை எண்ணாகவே அறிந்தது. அம்மக்களுக்காக அழுவார் இல்லாமலில்லை. ஜூன் 19ஆம் நாளைப் பாகிஸ்தான் துக்க நாளாகக் கடைப்பிடித்தது. அத்துயரம் எல்லை கடந்து செல்லவில்லை என்பதே உண்மை.

செல்வமும் ஒரு காரணம். டைட்டானிக் மூழ்கிய 1912இலும் செய்தித்தாள்களின் பெருந்தலைப்புகளில் இடம்பெற்றவர் ஆஸ்டர் போன்ற பெருஞ்செல்வரே. மூன்றாம் வகுப்பிற் சென்ற எழுநூற்றுச் சொச்சம் பேரில் நான்கில் மூன்று பங்கினர் மாண்டனர்.

செல்வத்தினும் வலியது காலக்கெடு என்று நாம் கருதுகிறோம். டைட்டனில் 96 மணி நேரத்துக்குரிய பிராணவாயு உண்டு என்று அறிவிக்கப்பட்டது. அந்நொடி முதல் அது ஒரு கதையாயிற்று. பிழைப்பார்களா என்னும் வினா மக்களைக் கட்டிப்போட்டது. நாமும் அந்நாள்களில் காலையில் எழுந்தவுடன் காற்று இன்னும் எத்தனை மணிக்கு வரும் என்றே கேட்டோம், இதை மறைப்பதற்கில்லை. அத்ரியானாவுக்கும் அத்தகைய கெடு ஒன்று இருந்தது. 13ஆம் நாள் பகலிலேயே ஐரோப்பிய எல்லைக் காவல் வானூர்தி அப்படகைக் கண்டது. அது கவிழ்ந்ததோ பன்னிரண்டு மணி நேரத்துக்கும் பின்னர். அந்த மணித்துளிகளை நமக்கு எண்ணிக் காட்டுவார் எவரும் இலர். நாம் கேள்வியுற்றபோது யாவும் முடிந்திருந்தது.

இனி, எண்ணிக்கை பெருகப் பெருக இரக்கமும் பெருகும் என்பது நம் எண்ணம். உளவியலார் கண்டது வேறு. ஸ்மால், லோவன்ஸ்டைன், சுலோவிக் ஆகிய மூவர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாலி நாட்டு ரோக்கியா என்னும் ஏழு வயதுச் சிறுமியின் படத்தைக் காட்டிக் கேட்டபோது மக்கள் ஈந்த தொகை, பல இலட்சம் பேர் பசித்திருக்கும் புள்ளிவிவரத்தைக் காட்டிக் கேட்டபோது ஈந்ததைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது. சிறுமியின் படத்தோடு அப்புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோதோ கொடை குறைந்தது! கூட வந்த எண், முகத்தையும் மறைத்துவிட்டது போலும்.

முகம் கிளர்த்தும் இரக்கமும் நீடிப்பதில்லை. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகம் மறந்திராது. சிரியப் போரில் அதற்கு முன்பே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அசையாத உள்ளங்கள் அப்படத்தால் அசைந்தன. சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அவ்வாரம் நன்கொடைகள் நூறு மடங்கு குவிந்தன. ஆறு வாரங்களில் அவ்வெள்ளம் வடிந்துவிட்டது.

பழகிப்போதலும் உண்டு. 2014 முதல் மத்தியதரைக் கடலில் மாண்டோரும் மறைந்தோரும் இருபதாயிரத்துக்கு மேல் என்பது பன்னாட்டுப் புலம்பெயர்வோர் அமைப்பின் கணக்கு. நாள்தோறும் நிகழ்வது செய்தியாவதில்லை. மற்றொரு செய்தி குறுக்கிட்டாலும் இரக்கம் திசைமாறும். ஒலிம்பிக் போட்டிகள் நடக்கும் காலத்தில் நேரும் இயற்கைப் பேரிடர்களுக்கு அமெரிக்க அரசின் உதவி கிட்டும் வாய்ப்புக் குறைகிறது என்று ஐசென்சி, ஸ்ட்ரோம்பர்க் என்னும் இருவர் 2007இல் நிறுவினர். ஆகவே, இது கண்ணீர்க் கணக்கு மட்டும் அன்று. எவர்க்குக் கப்பல் விரையும், எவர்க்கு உணவு சேரும் என்பதும் இதனைச் சார்ந்ததே.

அத்ரியானாவில் ஏறியோர்க்குப் பயணிகள் பட்டியல் கிடையாது. கிடைத்த 82 உடல்களுக்குப் பெயர் காண வேண்டிக் கிரேக்க அதிகாரிகள் உறவினரிடம் மரபணு மாதிரி கோரினர். பாகிஸ்தானிலும் தாய்தந்தையரும் உடன்பிறந்தாரும் மாதிரி கொடுத்துக் காத்திருந்தனர். உடலே கிடைக்காத ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அவரவர் வீட்டாரிடம் மட்டுமே உள்ளன.