தம்பி என்.டி.ஏ. எழுதறானா? பர்சனல் லோன் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நீங்க ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை பார்க்கறீங்க, பிளஸ் டூ படிக்கிற தம்பி என்.டி.ஏ.வுக்குத் தயாராகறான்னு வைங்க. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துல இருக்கற ஊர் வேலூர் பக்கத்துலயே இருக்கு, ஆசை வராம இருக்குமா? ஆனா கோச்சிங்குக்காக லோன் எடுக்கறதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க.

தேர்வுக் கட்டணம் வெறும் 100 ரூபாய். எஸ்.எஸ்.பி. இன்டர்வியூவுக்கு முதல் தடவை போறப்ப ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும் (டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க). செலக்ட் ஆயிட்டா தங்குமிடம், சாப்பாடு, யூனிஃபார்ம், புத்தகம் எல்லாம் அரசு செலவு.

அப்போ நம்ம கைக்காசு? கடக்வாஸ்லாவுல இருக்கற 3 வருஷமும் ஸ்டைபெண்ட் கிடையாது. பாக்கெட் அலவன்ஸ் வீட்டுலேருந்துதான் போகணும், சேரும்போதே சில மாசத்துக்குச் சேர்த்துக் கட்டணும். அப்பாவுக்கு டேனரி சம்பளம் மட்டும்தான்னா, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு நிதியுதவி உண்டு, கேட்டு வாங்குங்க. மாசம் 56,100 ரூபாய் ஸ்டைபெண்ட் வர்றது, ராணுவத்துக்குப் போறவங்களுக்கு டேராடூன் ஐ.எம்.ஏ.வுல 4-வது வருஷம்தான். லோனுக்கு இ.எம்.ஐ. ஓடிட்டிருந்தா அந்த 3 வருஷம் ரெண்டு பக்கமும் இடிக்கும். அதுக்குப் பதிலா இன்னிக்கே ஒரு ஆர்.டி. ஆரம்பிங்க.

சொந்தக் காரணத்துக்காக நடுவுல விட்டுட்டு வந்தா பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். பாண்டை அப்பா படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

தம்பிக்குத் தயக்கம்னா டிகிரி முடிச்சு சி.டி.எஸ். எழுதலாம். சென்னை ஓ.டி.ஏ.வுல 49 வாரப் பயிற்சி, அப்பவே 56,100. ஆனா அது ஷார்ட் சர்வீஸ்: 10 வருஷம், நீட்டிச்சா 14. பென்ஷன் கிடையாது.