தோளில் மாட்டும் துணிப் பை: வீட்டிலேயே தைக்கலாம்

விதை நேர்த்தி, உரம், பூச்சி மருந்து என்று எத்தனையோ கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நாம் பேசப்போவது ஒரு பையைப் பற்றி. "பை தைக்கிறதுக்கும் வெள்ளாமைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் நம்ம கட்டுத்தறியிலேயே இருக்குதுங்க.

சந்தையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சாமான் வாங்கி வருகிறோம். சாமானை எடுத்துக்கொண்டு, அதே கவரில் காய்கறித் தோல், மீந்த சோறு எல்லாம் போட்டு முடிச்சுப் போட்டு எறிகிறோம். சோற்று வாசனைக்கும் உப்பு ருசிக்கும் மாடு வந்து வாய் வைக்கிறது. மாடு எதையும் பொறுக்கித் தின்கிற பிராணி அல்ல. நாக்கால் சுருட்டி அவசரமாக விழுங்கிவிட்டு, அப்புறம் சாவகாசமாக அசைபோடும். கவரும் தீனியோடு முதல் இரைப்பைக்குள் போய்விடும். அது செரிக்காது, பெரும்பாலும் வெளியேயும் வராது. ஒன்றோடு ஒன்று சுற்றிக்கொண்டு வருடக்கணக்கில் உள்ளேயே பந்து மாதிரி சேரும். மாடு தீனி எடுப்பது குறையும், பால் குறையும், வயிறு உப்பும். இதைக் கரைக்க மருந்து கிடையாது. கால்நடை மருத்துவர் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்துதான் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளைத் தடை செய்தது. தடிமன் எதுவானாலும் தடைதான். 2021 டிசம்பர் 23இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. ஆனாலும் கவர் ஒழிந்தபாடில்லை. ஏன்?

பை ஆணியில், ஆள் சந்தையில்

துணிப்பை இல்லாத வீடு நம்ம பக்கம் உண்டுங்களா? கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலப் பை, ஜவுளி எடுத்தால் ஒரு பை. எல்லா வீட்டிலும் பத்துப் பை கிடக்கும். ஆனால் பை வீட்டு ஆணியில் தொங்கும். ஆள் பொள்ளாச்சிச் சந்தையிலோ புளியம்பட்டிச் சந்தையிலோ வெறுங்கையோடு நிற்பார். ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு டவுனுக்குப் போனால் 'பட்டிக்காட்டான்' என்று கேலி பேசினார்கள். அந்தக் கூச்சமும் ஒரு காரணம்.

முக்கியமான காரணம் வேறுங்க. வெறும் பைக்கு அதற்கென்று ஒரு வேலை இல்லை. சாமான் வாங்கும்போது மட்டும் வேண்டியது, கிளம்பும்போது மறந்து போகும். செல்போனை யாரும் மறக்கிறதில்லை. மூக்குக் கண்ணாடி, பாஸ்புக், பணம் இவற்றையும் மறக்கிறதில்லை. ஆகவே, மறக்காத சாமானையெல்லாம் வைக்கப் பாக்கெட் உள்ள பையாக, இரண்டு கையும் சும்மா இருக்கும்படி தோளில் மாட்டும் பையாகத் தைத்துவிட்டால், ஆள் போகிற இடமெல்லாம் பையும் போகும். கடைக்காரர் கவரை நீட்டும்போது, "வேண்டாமுங்க, பை இருக்குது" என்று சொல்லலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நூற்கவும் நெய்யவும் கரண்ட் வேண்டும். இதையெல்லாம் கணக்குப் பார்த்து, இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரே தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், பருத்திப் பை ஒன்றை 131 தடவையாவது பயன்படுத்தினால்தான், காற்று மண்டலத்தைச் சூடாக்கும் விஷயத்தில் அது மேல் என்று அதில் சொன்னார்கள். வாரச் சந்தைக்கு மட்டும் எடுத்துப் போனால் 131 தடவை என்பது இரண்டரை வருஷம். ஆக, நாலு மாசத்தில் பிய்ந்து போகிற பை துணியாக இருந்தும் புண்ணியமில்லை. பை உழைக்க வேண்டும்.

உழைப்பது எதில் இருக்கிறது? பை பெரும்பாலும் துணி கிழிந்து வீணாவதில்லை. வார் சேரும் இடம், அடிப்பாகம், பாக்கெட் வாயின் இரண்டு மூலை, இந்த மூன்று இடங்களில் தையல் விட்டுத்தான் வீணாகிறது. இந்த மூன்றையும் பலமாகச் செய்தால் பை வருஷக்கணக்கில் வரும்.

துணி

துணிக்கு நாம் அலைய வேண்டியதில்லை. கோவையில் 1888லேயே பஞ்சாலை வந்துவிட்டது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் ஓடும் கெட்டியான காடா துணி போதும். சென்னிமலைப் போர்வை பழசாகிக் கிடந்தால் அதுவும் ஆகும். பழைய ஜீன்ஸ் பேண்ட் இருந்தால் இன்னும் நல்லது. இத்துப்போன வேட்டி மட்டும் வேண்டாம், கனம் தாங்காது.

36 அங்குல அகலக் காடாவில் ஒன்றரை மீட்டர் எடுங்கள். அதை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். தறியில் போட்ட கஞ்சி போக வேண்டும்; துணி சுருங்குவதும் முன்னாலேயே சுருங்கிவிட வேண்டும். இதைச் செய்யாமல் தைத்தால், முதல் துவைப்பிலேயே பை கோணிக்கொள்ளும்.

வெட்டும் அளவு

துணியின் நீளவாட்டில் கரை ஓரமாக 18 அங்குல அகலம், 36 அங்குல நீளத்துக்கு ஒரே துண்டாக வெட்டுங்கள். இதுதான் பையின் உடம்பு. இரண்டு துண்டாக வெட்டி அடியில் ஒட்டுப் போட வேண்டாம். மடிப்பாகவே இருந்தால் அடியில் தையலே இல்லை; தையல் இல்லாத இடத்தில் தையல் விடாது.

அதே பக்கத்தில் மிஞ்சும் துணியில் 17க்கு 8 அங்குலம் ஒரு துண்டு. இது அடிப்பாகத்துக்கு மேல்துணி.

மறுபக்கத்தில், நீளவாட்டிலேயே 6 அங்குல அகலம், 46 அங்குல நீளத்துக்கு வார். வாரைக் குறுக்குவாட்டில் வெட்டினால் நாளாக ஆகக் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும்.

மிச்சத்தில் வெளிப் பாக்கெட்டுக்கு 10க்கு 10 அங்குலம், உள் பாக்கெட்டுக்கு 10 அங்குல அகலம், 9 அங்குல உயரம்.

தைக்கும் முறை

தையல் மிஷினில் 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள். ஓர் அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் விழட்டும். மிஷின் இல்லாதவர்கள் இரட்டை நூல் கோத்து, கையாலேயே பின் தையலாகப் போடலாம். ஓட்டுத் தையல் கனம் தாங்காது.

முதலில் பாக்கெட். பையை மடித்துத் தைத்த பிறகு பாக்கெட் வைப்பது கஷ்டம். துணி விரித்துக் கிடக்கும்போதே வைத்துவிட வேண்டும். வெளிப் பாக்கெட்டின் மேல் விளிம்பைக் கால் அங்குலம் மடித்து, மறுபடி ஒரு அங்குலம் மடித்துத் தையுங்கள். மற்ற மூன்று பக்கமும் அரை அங்குலம் உள்ளே மடியுங்கள். உடம்புத் துணியின் நல்ல பக்கத்தில், ஒரு முனையிலிருந்து 5 அங்குலம் கீழே பாக்கெட்டின் வாய் வரும்படி நடுவில் வைத்து, மூன்று பக்கமும் இரட்டைத் தையல் போடுங்கள். வாயின் இரண்டு மூலையிலும் சின்ன முக்கோணமாகத் தைத்து முடியுங்கள். கை உள்ளே போய்ப் போய் வரும்போது முதலில் விடுவது அந்த மூலைதான். பாக்கெட்டில் ஓர் ஓரமாக இரண்டரை அங்குலம் தள்ளி மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓட்டினால் ஒன்று இரண்டாகிவிடும். சின்னதில் பேனா, மூக்குக் கண்ணாடி, பெரியதில் செல்போன்.

உள் பாக்கெட்டையும் இதேபோல் மடித்து, துணியின் மறுமுனையில் உள்பக்கமாக வைத்துத் தையுங்கள். ஏ4 தாளை ஒரே மடிப்பு மடித்தால் இதில் அடங்கும். பட்டா, சிட்டா நகல், பாஸ்புக், மஞ்சள் மண்டியில் வாங்கிய சீட்டு, பணம் எல்லாம் இதில்தான். வாயின் நடுவில் காஜா எடுத்து ஒரு பட்டன் வைத்துவிடுங்கள். கூட்ட நெரிசலில் கை விடுகிறவனுக்கு வெளிப் பாக்கெட் சுலபம். பட்டன் போட்ட உள் பாக்கெட் லேசில் எட்டாது. அதனால் பணத்தை ஒருக்காலும் வெளிப் பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

அடுத்து அடிப்பாகம். 17க்கு 8 துண்டின் நாலு பக்கமும் அரை அங்குலம் மடித்து, உடம்புத் துணியின் சரிபாதியில் உள்பக்கமாக வைத்துச் சுற்றிலும் தையுங்கள். குறுக்கே இரண்டு கோடு பெருக்கல் குறியாக ஓட்டுங்கள். இரண்டு பக்க ஓரத்திலும் ஒவ்வொரு அங்குலம் இடம் விட்டிருக்க வேண்டும்.

இப்போது துணியை இரண்டாக மடித்துப் பக்கத் தையல். முதலில் நல்ல பக்கம் வெளியே தெரிய மடித்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் தையுங்கள். பிசிறை வெட்டிவிட்டு, பையை உள்வெளியாகத் திருப்பி, அதே ஓரத்தில் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக விட்டு இன்னொரு தையல். பிசிறு முழுக்க இரண்டு தையலுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும், நூல் பிரியாது.

பை உள்வெளியாக இருக்கும்போதே அடி மூலை. ஒரு மூலையைப் பிடித்து, பக்கத் தையல் நடுவில் வரும்படி முக்கோணமாக விரியுங்கள். கூர் முனையிலிருந்து தையல் வழியே ஒன்றரை அங்குலம் அளந்து, குறுக்கே கோடு போட்டு இரண்டு தரம் தையுங்கள். மறுமூலையும் அப்படியே. முக்கோணத்தை வெட்டிவிடாமல் அடியோடு சேர்த்து நாலு தையல் போட்டால் அங்கே இன்னும் பலம். இப்போது அடி 3 அங்குல அகலமாகிவிடும். தேங்காய் நாலு வைத்தாலும் பை பிதுங்காது.

பையைத் திருப்பி, வாய் விளிம்பை முதலில் அரை அங்குலம், பிறகு ஓர் அங்குலம் உள்ளே மடித்து இரண்டு தையல் ஓட்டுங்கள்.

கடைசியாக வார். 6 அங்குலத் துணியின் இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் நாலு அடுக்கோடு ஒன்றரை அங்குல அகலம் வரும். இரண்டு ஓரமும் நடுவிலும் நீளத் தையல் போடுங்கள். இரு முனையையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, பக்கத் தையலின் மேலே, பையின் வெளியே, வாயிலிருந்து 3 அங்குலம் கீழ் வரைக்கும் வைத்துச் சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போடுங்கள். வாய் விளிம்பில் மட்டும் தைத்து விட்டுவிட்டால், கனமெல்லாம் அந்த ஒரு கோட்டிலேயே விழும். மூன்று அங்குலத்துக்கு இறக்கிச் சதுரமாகத் தைத்தால் கனம் பரவும். இந்த இடத்தில் துணி பல அடுக்காக இருக்கும். காலால் மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள்; ஊசி உடையாது. தோளுக்கு 39 அங்குல வார் கிடைக்கும். நெட்டையானவர்கள் முன்னாடியே கயிற்றைத் தோளில் போட்டு இடுப்பு வரை அளந்து, கூட வெட்டிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

பூச்சி மருந்து பாட்டில், உரப் பொட்டலம் இவற்றை இந்தப் பையில் போடவே கூடாது. துணி மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதிலேயே பொரி கடலை வாங்கிக் குழந்தைக்குக் கொடுப்போம். மருந்துக்குத் தனிப் பை, அதற்கு வேறு நிறம். எங்கேயாவது ஒரு தையல் விட்டால் அன்றைக்கே ஊசி போட்டுவிடுங்கள். ஒரு தையலாக இருக்கும்போது ஐந்து நிமிஷ வேலை.

சொந்தத்தில் தையல் மிஷின் வாங்க வசதியில்லாத விதவைகள், கைவிடப்பட்ட பெண்கள் போன்றோருக்கு அரசு இலவச தையல் இயந்திரம் வழங்கி வருகிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே, ஒரு மத்தியானம் ஒதுக்கினால் ஒரு பை ஆகிவிடும். முதல் பையை வீட்டில் யார் அதிகமாகச் சந்தைக்குப் போகிறாரோ அவருக்குத் தையுங்கள். பையைக் காலியாக ஆணியில் மாட்டாதீர்கள். பாஸ்புக்கும் மூக்குக் கண்ணாடியும் அதிலேயே இருக்கட்டும். அவர் பையைத் தோளில் போடாமல் வாசலைத் தாண்ட மாட்டார். கட்டுத்தறிக்குக் கவர் வருவதும் குறையும்.