கிட்வாய் நகரில் ஒரு கழுநீர்ப் பானை

எங்கள் ஊர்க் கொல்லைப்புறங்களில், கிணற்றடிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவே, ஒரு பெரிய மண்பானையோ கல்தொட்டியோ இருக்கும். அரிசி களைந்த நீர், வடிகஞ்சி, வாழைக்காய்த் தோல், பூசணிக் குடல், பந்தியில் மிஞ்சிய சோறு எல்லாம் நாள் முழுவதும் அதில் வந்து சேர்ந்து, சாயங்காலம் பசுவின் முன்னால் போய்விடும். கழுநீர்ப் பானை என்று அதற்குப் பெயர். பசு தின்னாததும் பசு போட்டதும் எருக்குழிக்குப் போகும். குழி நிறைந்தபின் அதை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டி இறைப்பதைத்தான் ‘குப்பை அடிப்பது’ என்பார்கள். குடியானவன் வாயில் குப்பை என்பது நிலத்துக்கு ஆகாரம். பட்டணத்தான் வாயில்தான் அது கண்ணுக்கு மறைந்தால் போதும் என்கிற வஸ்து.

உத்தியோகத்தை முன்னிட்டு டில்லிக்கு ரயில் ஏறிய தமிழ்க் குடும்பங்கள், தட்டுமுட்டுச் சாமான்களோடு அம்மியையும் காபிக்கொட்டை அரைக்கும் யந்திரத்தையும்கூட விடாமல் கொண்டுவந்தன. கழுநீர்ப் பானையை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டன. என் குடும்பமும் அப்படித்தான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் கிடைக்கிறது, சரோஜினி நகர்ப் பிள்ளையார் கோயில் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது என்று கிட்வாய் நகர் வாசத்தைப் பெரிய பாக்கியமாக எண்ணி மகிழ்ந்தோமே தவிர, எங்கள் சமையலறைக் கழிவு எங்கே போகிறது என்று ஒரு நாளும் நாங்கள் விசாரித்ததில்லை. 1952 முதல் 1954-இல் காலமாகும் வரையில் மத்திய உணவு மந்திரியாக இருந்து, தானியக் கட்டுப்பாட்டைத் துணிந்து தளர்த்திய ரஃபி அகமது கிட்வாயின் திருநாமம் தாங்கிய பேட்டையில், உணவின் பிற்பாதிக் கதையைக் கேட்பார் இல்லை.

அந்தக் கதை முடிகிற இடங்களில் ஒன்று காஜிப்பூர். 1984 முதல் டில்லியின் குப்பையைக் கொட்டிக் கொட்டி மலையாக்கிய அந்த மேடு, 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி மழை ஈரத்தில் சரிந்து, சாலையில் போனவர்களைப் பக்கத்துக் கால்வாய்க்குள் தள்ளியதில் இரண்டு பேர் மாண்டார்கள். 2022 ஏப்ரலில் பல்ஸ்வாவில் உள்ள இன்னொரு மேடு தீப்பற்றி நாள்கணக்கில் எரிந்தது. காய்கறித் தோலும் சோறும் காற்றுப் புகாமல் மக்கும்போது மீத்தேன் வாயு கிளம்புகிறது. அதுதான் கோடையில் தீக்கு எண்ணெய். ஆக, அந்த நெருப்புக்கு விறகு போனது என் வீட்டைப் போன்ற அடுப்படிகளிலிருந்துதான் என்பதை நான் அறிந்துகொள்ளவே வெகுகாலம் பிடித்தது.

குப்பைக்குக் கலங்காத நாங்கள் மரத்துக்குக் கலங்கினோம். 2018 ஜூனில், சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசாங்கக் குடியிருப்புகளைப் புதுப்பிப்பதற்காக 14,000-க்கு மேற்பட்ட மரங்கள் வெட்டப்படும் என்ற செய்தி பரவியதும், ஜனங்கள் தெருவில் இறங்கி, இமயமலைச் சாரலில் 1974-இல் சிப்கோ பெண்கள் செய்ததைப்போல மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஹைகோர்ட்டும் வெட்டுவதை நிறுத்திவைத்தது. கிழக்குக் கிட்வாய் நகரின் 86 ஏக்கரில் அதற்கு முன்னரே பழைய குவார்ட்டர்ஸ் இடிபட்டு, மாடிமேல் மாடியாக வீடுகள் எழும்பத் தொடங்கிவிட்டன. மரத்துக்காக அப்படிப் பதைத்த நாங்கள், பங்குனியில் எங்கள் வாசல் வேம்புகள் உதிர்த்த சருகைக் குவித்து யாரோ தீ வைத்தபோது, ஜன்னலைச் சாத்திக்கொண்டதோடு சரி. இலை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே விதித்திருந்தது. அபராதத்துக்கு அஞ்சியாவது தடுத்திருக்கலாம்.

பானை திரும்பி வந்தது அந்தச் சருகினால்தான். சமையலறைக் கழிவை எருவாக்க, பக்கவாட்டில் துளை போட்ட இரண்டு மண்பானைகளைப் பால்கனியில் வைத்தோம். அடியில் சருகு, அதன்மேல் அன்றாடக் காய்கறித் தோல், அதன்மேல் மறுபடி சருகு, ஆரம்பத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் — வித்தை அவ்வளவுதான். தோல் ஒரு பங்கானால் சருகு இரண்டு பங்கு. டில்லிக் குளிர்காலத்தில் இதன் அருமை தெரியும். இரண்டு கிலோ பட்டாணி உரித்தால் பாதிக்குப் பாதி தோல்தான் மிஞ்சும். காலிஃபிளவர் இலையும் முள்ளங்கித் தழையும் வேறு. முன்பெல்லாம் ஒரு பை நிறைந்த அந்தப் பச்சைக் குவியல், பானைக்குள் ஒரு வாரத்தில் ஒரு சாண் இறங்கிவிடும். கையை வைத்தால் வெதுவெதுப்பு. முகர்ந்தால் முதல் மழை மண்ணின் வாசனை.

மேல்மாடியில் இருக்கும் தமிழ் இளைஞர் ஒருவர் எங்களைப் பார்த்துப் பானை வைத்தார். ஆவணி மாதம் ஒரு நாள் கலவரத்தோடு இறங்கிவந்து, “ஸார், பானையில் புழு நெளிகிறது, வீட்டில் சத்தம் போடுகிறார்கள்” என்றார்.

“ஒன்றும் பயமில்லை தம்பி, ஈரம் ஜாஸ்தியாகிவிட்டது. இரண்டு கை சருகு போட்டுக் கிளறிவிடுங்கள்” என்றேன். மூன்றாம் நாள் புழுவும் இல்லை, புகாரும் இல்லை. காற்றில்லாத ஈரம் நாறும், காற்றுள்ள ஈரம் மக்கும். இந்தச் சாஸ்திரத்தில் இதைத் தாண்டிக் கற்க வேண்டியது கொஞ்சம்தான்.

ஒரு பானையைக் கவனிக்கத் தொடங்கியவனுக்கு மற்றவை தாமாகவே கண்ணில் படுகின்றன. குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. யந்திரம் ஒரு குடம் தரும்போது இரண்டு மூன்று குடத்தைக் கழித்துவிடுகிறது. ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த தண்ணீருக்கு அந்த யந்திரமே தேவையில்லை என்று பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் கூறியது. எங்கள் வீட்டில் அது ஓய்வெடுக்கிறது. சித்திரை வைகாசியின் வறண்ட காற்றில் வெட்டிவேர்த் தட்டி பொருத்திய கூலரே போதும். புழுக்கமான ஆடியில் அது பயன்படாதபோதுதான் ஏ.சி. ஓடும். அதையும் 24 டிகிரியில் வைத்து மின்விசிறியைச் சுழலவிட்டால், ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் சுமார் ஆறு சதவீத மின்சாரம் மிச்சமாகிறது. பழைய பத்திரிகையையும் பாட்டிலையும் கபாடிவாலா எடைபோட்டுக் கொண்டுபோவது இந்நகரத்தின் நெடுநாளைய நல்வழக்கம். அவர் கைக்கு ஈரம் படாத பொருளைத் தருவது, அவருக்கு நாம் காட்டக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

டில்லிக் குளிரில் பால்கனிக் கறிவேப்பிலைச் செடி தை மாதத்துக்குள் மொட்டைக் குச்சியாகிவிடும்; புதிதாக வந்தவர்கள் பட்டுப்போயிற்று என்று பிடுங்கி எறிவதுண்டு. போன மாசியில் பானையின் அடியிலிருந்து நாலு கை கறுத்த எருவை அள்ளி அதன் வேரில் போட்டு மூடினேன். பங்குனியில் கீழே வேம்பு உதிரத் தொடங்கியது. சருகைக் கூட்டுகிற அம்மாள் இப்போது தீ வைப்பதில்லை. கோணிப்பையில் அமுக்கிக் கட்டி, படிக்கட்டு ஓரத்தில் எங்களுக்கென்று வைத்துவிட்டுப் போகிறார். முதல் கோணியை நான் மாடிக்குத் தூக்கிவந்த அன்று, அந்தக் குச்சியின் கணுக்களில் செம்பு நிறத்தில் ஊசிமுனை அளவுக்குத் துளிர் கண்டிருந்தது.