கார் ரிமோட் சாவி மக்கர் பண்ணுதா? புரோகிராமிங்குக்குப் பணம் கட்டும் முன் இதைப் பாருங்க!

புதுச்சேரி உப்பளத்தில், இந்திரா காந்தி விளையாட்டரங்கம் பக்கம் காரை நிறுத்திவிட்டுப் போகிறீர்கள். பிள்ளைகளின் பயிற்சி முடிந்து திரும்பி வந்து ரிமோட் பட்டனை அழுத்தினால், கதவு திறக்கவில்லை. நாலைந்து முறை அழுத்தியும் பயனில்லை. "சாவியோட புரோகிராம் போயிடுச்சு சார், புதுசா போடணும். சில ஆயிரம் ஆகும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். நூறு ரூபாய்க்குள் முடிகிற பேட்டரிக் கோளாறாகவும் இருக்கலாம்.

ஒரு சாவி, இரண்டு வேலை

ரிமோட் சாவிக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஒன்று, கதவைத் திறந்து மூடும் ரேடியோ சிக்னல். இதற்குப் பேட்டரி வேண்டும். இன்னொன்று, இன்ஜினை ஸ்டார்ட் செய்ய அனுமதி தரும் 'இம்மொபிலைசர்' சிப். இதற்குப் பேட்டரியே தேவையில்லை. சாவி நுழைக்கும் இடத்தைச் சுற்றியுள்ள காயிலிலிருந்தே சக்தியை எடுத்துக்கொள்ளும்.

எனவே, கதவு திறக்காமல் கார் மட்டும் ஸ்டார்ட் ஆனால், முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். கதவு திறந்தும் கார் ஸ்டார்ட் ஆகாமல், டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு போட்ட கார் படம் மினுக்கினால், சிப் பக்கம் பிரச்னை இருக்கலாம்.

முதல் சோதனை: இரண்டாவது சாவி

வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியை எடுத்து அழுத்துங்கள். அது வேலை செய்தால் கோளாறு பழைய சாவியில். இரண்டுமே வேலை செய்யாவிட்டால் கோளாறு பெரும்பாலும் காரில். கார் பேட்டரி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

உப்புக்காற்று செய்யும் வேலை

உப்பளம் பெயரிலேயே உப்பைச் சுமக்கிற இடம், பக்கத்திலேயே கடல். ஈரமும் உப்பும் கலந்த காற்றும், கை வியர்வையும் சாவிக்குள் இருக்கும் உலோகத் தகடுகளில் களிம்பு ஏற்றும். புதுப் பேட்டரி போட்டும் ரிமோட் இயங்காவிட்டால், அந்தத் தகடுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள்.

பேட்டரி எண்ணும் முக்கியம். சிஆர்2032 என்றால் 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன். சிஆர்2025 அதே அகலம்தான், தடிமன் 2.5 மி.மீ. மாற்றிப் போட்டால் சரியாகத் தொடாது. பேட்டரி மாற்றினால் புரோகிராம் அழிந்துவிடும் என்ற பயம் பெரும்பாலான கார்களுக்குத் தேவையில்லை.

கழற்றிய பட்டன் பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். அப்படி நடந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குழந்தை விளையாடிய ரிமோட்

ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ரிமோட் புதிய ரகசிய எண்ணை அனுப்பும். யாராவது அதை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தாலும் மறுமுறை செல்லாது. 1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவான 'கீலாக்' இப்படிப்பட்ட ஒரு முறைதான். காருக்கு எட்டாத தூரத்தில் குழந்தை பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால், சாவியின் எண்ணிக்கை முன்னே ஓடிவிடும், கார் பின்தங்கிவிடும். காரின் அருகில் நின்று அடுத்தடுத்து இரண்டு, மூன்று முறை அழுத்தினால் பல கார்களில் சரியாகிவிடும். சில கார்களுக்குத் தனி முறை உண்டு. அது கையேட்டில் இருக்கும்.

நடுவழியில் நின்றுவிட்டால்

* ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சிறிய உலோகச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவிக் கதவைத் திறக்கலாம்.
* பட்டன் ஸ்டார்ட் காரா? பல மாடல்களில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனை ஒட்டி வைத்து அழுத்தினால் இன்ஜின் ஓடும்.
* ஒரே வளையத்தில் வேறு வண்டியின் சிப் சாவி இருந்தால் கழற்றிவிடுங்கள். செல்போன், வயர்லெஸ் சார்ஜரிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

புரோகிராமிங் தேவைதான் என்றால்...

சாவி தொலைந்தாலோ, சிப் உடைந்தாலோ வேறு வழியில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் கருவியைப் பொருத்திப் பதிவு செய்வார்கள். போகும்போது இருக்கிற எல்லாச் சாவிகளையும் எடுத்துச் செல்லுங்கள். சில கார்களில் புதியதைப் பதியும்போது பழையவை அழிந்துவிடும். கார் பேட்டரி பலவீனமாக இருந்தால் பதிவு பாதியில் நின்றுபோகலாம் என்பதால், முன்கூட்டியே சார்ஜ் செய்துவிடுங்கள். ஆர்.சி., அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பழைய ரிமோட்டில் ஏமாறவும் வாய்ப்புண்டு. பல சிப்கள் ஒரு காருக்குப் பதிந்துவிட்டால் அடுத்த காருக்கு உதவாது. தோற்றம் ஒன்றாக இருந்தாலும், 433 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் காருக்கு 315 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் பேசாது.

இன்னொரு விஷயம். கார் திருடுபோனால், இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். பழைய கார் வாங்குகிறவர்கள் ஒரே சாவியோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான். சாவி தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவையுங்கள்.

பீரோவில் தூங்கும் இரண்டாவது சாவியை எடுத்து, இன்றே ஒருமுறை காரைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். அவசரத்துக்கு உதவுமா என்பது இப்போதே தெரிந்துவிடும்!