கூத்துச் சங்கத்தின் இரண்டு கணக்குகள்

காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைச் சீமைகளின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நிகழுங் காலத்தில், பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்ல, இரவில் அதே கதையைக் கூத்துக் கலைஞர்கள் விடியுமட்டும் ஆடிக் காட்டுவது நெடுங்கால வழக்கம். அக்கலைஞர்கள் ஒன்றுகூடி, பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளரான ஹன்னே த புரூயினும் முன்னின்று நடத்த, 1990-இல் அமைத்துக்கொண்ட காஞ்சிபுரம் கட்டைக்கூத்துச் சங்கம், ஒரு சிறு கலை ஸ்தாபனம் எதைக்கொண்டு ஜீவிக்கிறது என்று அறிய விரும்புவோர் கவனிக்கத்தக்கது.

கூத்துக்கு முதல் வரவு ஊராருடைய பணம். தாம்பூலமும் முன்பணமும் கைமாறித் தேதி குறிக்கப்பட்ட பின், ஜமா என்னும் கூத்துக் குழு குறித்த நாளில் ஊர் வந்து சேர்கிறது. இரவெல்லாம் ஆடி ஓய்ந்து, வேஷக்காரர்கள் எண்ணெய் தடவி முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் காலை வேளையில், வண்டி வாடகை முதலியன கழித்து மிஞ்சிய தொகை பங்காகப் பிரிகிறது. வாத்தியாருக்கும் பிரதான வேஷக்காரருக்கும் கூடுதல். புதிதாய்ச் சேர்ந்த பையனுக்குச் சொற்பம். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் அடங்கிய பெட்டியை உடையவருக்கும் ஒரு பாகம்.

அந்தப் பணம் அந்த இரவுக்குத்தான் காணும். மழைக்காலத்தில் ஆட்டம் இராது. சிறுவருக்கு வித்தை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவும், ஏட்டிலும் நினைவிலும் கிடக்கும் நாடகங்களைப் பதிப்பிக்கவும் எந்த ஊரும் பணம் கட்டாது. 2002 முதல் 2020 வரையில் இச்சங்கம் நடத்திய குருகுலத்தில் பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்துப் போதிக்கப்பட்டன. ஆண்களே பெண் வேஷமும் கட்டிவந்த கலையில் பெண் குழந்தைகளும் பயிற்சி பெற்று மேடையேறினார்கள். இத்தகைய காரியத்துக்கு நன்கொடையும் மானியமுமே கதி.

மானியம் பெறுவதற்குச் சட்ட ரூபம் வேண்டும். டிரஸ்டாகவோ, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ச் சங்கமாகவோ, கம்பெனிச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி லாபநோக்கற்ற கம்பெனியாகவோ பதிவு செய்துகொள்ளலாம். எவ்வகையிலும் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. பெரிய கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்ற விதியில் கலையும் மரபும் இடம்பெற்றிருக்கின்றன. அயல்நாட்டு நிதியோவெனில், 2020-இல் வந்த திருத்தத்தின் பின், நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் உதவாது. பிற ஸ்தாபனத்துக்குப் பகிர்ந்தளிக்கவும் கூடாது.

இவற்றைக் காட்டிலும் சிக்கலானது வருமான வரி. பொதுநலக் காரியம் என்ற தலைப்பில் வரிவிலக்குப் பெற்ற ஸ்தாபனம், வியாபார வழியில் ஈட்டும் தொகை மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால், அவ்வாண்டுக்கு விலக்கை இழக்கிறது. கல்வி என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பணிக்கு அவ்வரம்பு இல்லையாயினும், அதைச் சார்ந்த வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு எழுதியே தீரவேண்டும். சொந்தக் காலில் நிற்க முயலும் சங்கத்துக்கு இது விசித்திரமான நிர்ப்பந்தமே. ஆடும் கலைஞருக்கு மாத்திரம் ஒரு சகாயமுண்டு: நாட்டுப்புறக் கலையிலோ சாஸ்திரீயக் கலையிலோ ஓர் ஆட்டத்துக்கு 1,50,000 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

ஆகவே, ஆட்டத்தால் வந்ததும் ஆட்டத்துக்கென்று பிறர் கொடுத்ததும் ஒரே பேரேட்டில் கலவாதிருப்பது சட்டத்துக்காக மட்டுமன்றி, கலையின் க்ஷேமத்துக்காகவும் அவசியமாகிறது. ஊரார் கொடுக்கும் பணம் குறைந்துவருமானால், ரசிகர் விலகுகிறார் என்பதை அந்தக் கணக்கே எச்சரிக்கும். மானியத்தோடு கலந்துவிட்டாலோ, பெரிய வரவுக்குள் அந்தக் குறை மறைந்துபோகும். மானிய விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன், அத்தொகை நின்றுபோகும் ஆண்டில் எது தொடரும், எது நிற்கும் என்பதை நிர்வாகிகள் தமக்குள் எழுதி வைத்துக்கொள்வது, எந்தத் தணிக்கையாளரும் கேளாத, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான கணக்காகும்.