கொள்ளைநோய்க் காலத்தில் விமானிகளின் மனநலம்

சென்னையினின்று அந்தமான் தீவுகளுக்குக் கப்பலிற் செல்வோர் ஏறத்தாழ மூன்று நாட்களைக் கடலிலே கழிக்க வேண்டும். விமானமோ இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியான காலத்தில் அத்தொலைவைக் கடந்துவிடுகிறது. 2024 வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தின் விமான நிலையம் ஆகவே தீவுவாசிகளுக்கு வெறும் வசதி மட்டுமன்று. அவசரமாக வேண்டப்படும் மருந்தும், உயர் சிகிச்சை நாடும் நோயாளியும் அதனையே நம்பியிருக்க நேரிடுகிறது. ஆனால் விமானிக்கு அது எளிய இடமன்று. ஓடுபாதையின் ஒரு முனையருகே மேட்டு நிலம் இருத்தலால் விமானங்கள் பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வந்து இறங்குகின்றன. மழைமேகம் மறைத்து இறங்க இயலாது போகுமாயின், பெருநிலத்திற்கே திரும்புவதற்கு வேண்டிய எரிபொருளும் கையிருப்பில் இருத்தல் வேண்டும்.

இத்தகைய பணிக்குத் தெளிந்த மனமும் இடையறாத பழக்கமும் இன்றியமையாதவை. கோவிட் கொள்ளைநோய் இவ்விரண்டையும் ஒருங்கே தாக்கிற்று.

2020 மார்ச் 25 முதல் நம் நாட்டின் உள்நாட்டுப் பயணி விமானங்கள் நிறுத்தப்பட்டன; மே 25 முதல்தான் அவை படிப்படியாக மீளத் தொடங்கின. முந்திய 90 நாட்களுள் மூன்று முறையேனும் விமானத்தை மேலேற்றி இறக்கியிராதவர் பயணிகளை ஏற்றிச் செல்லலாகாது என்பது பல நாடுகளிலும் வழங்கும் விதி. பழக்கம் விட்டவர் பாவனைப் பொறியில் பயிற்சி பெற்று மீளலாம். ஆனால், அதுவரை வீட்டில் அமர்ந்து, குறைந்த சம்பளத்துடனோ சம்பளமற்ற விடுப்பிலோ நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவரின் கவலையைப் போக்கும் பொறி எதுவும் இல்லை.

பறந்தவர்களுக்கு வேறு வகைத் துன்பம். மருந்துப் பொருள்களைச் சுமந்த விமானங்களும், மே 7 முதல் வெளிநாடுகளிலிருந்து நம்மவரை மீட்டு வந்த விமானங்களும் ஓய்வின்றிச் சென்றன. முகமூடியும் பாதுகாப்பு உடையும் அணிந்து பணியாற்றியவர்கள், நோயைத் தம் இல்லத்திற்குக் கொணர்ந்துவிடுவோமோ என்று அஞ்சி மனைவி மக்களை விட்டு விலகியிருக்க நேர்ந்தது. அம்மாதத்தில் ஏர் இந்தியா விமானிகள் ஐவருக்கு நோய் கண்டதாகச் சோதனை கூறி, மறு சோதனையில் அவ்வாறில்லை எனத் தெரியவந்தது. இடைப்பட்ட நாட்களில் அவ்வில்லங்களின் நிலை எவ்வாறிருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இவற்றினும் ஆழமான தொல்லை ஒன்று கொள்ளைநோய்க்கு முன்பே இருந்து வந்ததாகும். விமானியின் உரிமம் வைத்தியச் சான்றிதழைச் சார்ந்தது. உறக்கம் வரவில்லை, மனம் தளர்ந்துள்ளது என்று வாய்விட்டுக் கூறினால் சான்றிதழும், அதனோடு பிழைப்பும் போய்விடுமோ என்னும் அச்சத்தால் பலர் மௌனம் சாதிக்கின்றனர். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டு விமானிகளிடம் பெயர் கேளாமல் வினவி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு பற்றிய வினாக்களுக்கு விடையளித்த 1,848 பேருள் 12.6 சதவீதத்தினர் அந்நோய்க்குரிய அளவை எட்டியிருந்தனர். பெயர் மறைந்த இடத்திலேதான் உண்மை வெளிவந்தது. விதிகள் கடுமையாயிருப்பது நன்றே. எனினும், உண்மையை உரைப்பவனையே தண்டிப்பது போல் தோன்றும் விதி தன் நோக்கத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணைவிமானி வேண்டுமென்றே மலையில் மோதி 150 பேர் மாண்ட பின்னர், ஐரோப்பிய நாடுகள் ‘சகபணியாளர் துணை’ என்னும் ஏற்பாட்டை விமான நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கின. கொள்ளைநோயின் காரணமாகச் சற்றே தள்ளிவைக்கப்பட்டு, அவ்விதி 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் 2023-இல் விமானிகளின் மனநலம் பற்றிச் சுற்றறிக்கை விடுத்து, இத்தகைய துணை ஏற்பாட்டை வலியுறுத்தியது.

இதன் முறை எளியது. பயிற்சி பெற்ற மற்றொரு விமானி, தன் தோழர் கூறுவதைச் செவிமடுக்கிறார்; தேவையாயின் வைத்தியரிடம் வழிகாட்டுகிறார். பிறர் உயிருக்கு ஆபத்து என்னும் நிலை தோன்றினாலன்றி, கேட்டது மேலதிகாரியின் செவிக்கு எட்டுவதில்லை. தீவின் மேட்டு நிலத்தையும் மழைமேகத்தையும் தானும் கண்டறிந்த ஒருவரிடம், அவற்றைப் பற்றிய அச்சத்தைக் கூறுவதற்கு விமானிக்கு அதிகத் தயக்கம் இராது.